கசாயம் குடித்த ஒட்டுச்செடி

நான் ஒரு மடையன். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. பாதி படித்துக்கொண்டிருக்கும்போது நீங்களாகக் கண்டுபிடித்து "அட மடையா" என்றால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். அதிலும் சாதாரண மடையன் இல்லை. ஊருக்கெல்லாம் ஒரு பாடம் நடத்திவிட்டு, அதே பாடத்தில் தானே பெயிலான அரசாங்க மடையன்.

கொரோனா ஓய்ந்து, ஜனங்கள் முகக்கவசத்தைக் கழற்றி வீசிவிட்ட சமயம். கொல்லிமலையில் தோட்டக்கலை ஆபீசில் எனக்கு வேலை. மிளகு நாற்று கொடுப்பது, பலாவில் ஒட்டுக் கட்டுவது எப்படி என்று விவசாயிகளுக்குக் காட்டுவது, மழையில் நனைவது, நனைந்ததற்காகத் தும்முவது. இதில் கடைசி வேலையைத்தான் நான் மிகத் திறமையாகச் செய்தேன்.

தும்மலுக்குக் காரணம் இருந்தது. அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் என் சிறுநீரகங்கள் இரண்டும் சொல்லிவைத்தாற்போல் வேலைநிறுத்தம் செய்தன. பேச்சுவார்த்தைக்கே இடமில்லை என்று டாக்டர்கள் கைவிரித்தபோது, மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் வாக்கப்பட்டிருக்கும் என் அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். கொடுக்கும்போது கண்ணீர், வசனம் எதுவும் கிடையாது. ஆபரேஷனுக்கு முதல் நாள் என் கட்டிலுக்கு வந்து, "இந்தா, எடுத்துக்க. ஆனாத் தொலச்சுப்போடாத. சின்னதுல என்ற பேனா, கொட எல்லாத்தையும் நீதான் தொலச்சே" என்றாள். அவ்வளவுதான்.

சிறுநீரகம் வந்தது. கூடவே ஆயுள் முழுவதும் போட வேண்டிய மாத்திரைகளும் வந்தன. உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. வெளியிலிருந்து எது வந்தாலும் அடித்து விரட்டுவதுதான் அதன் வேலை. அதற்கு அக்கா, தம்பி உறவெல்லாம் தெரியாது. சளிக் கிருமியை எப்படி விரட்டுமோ, அப்படியே அக்காவின் சிறுநீரகத்தையும் விரட்டப் பார்க்கும். அதனால் அந்தப் படையை எப்போதும் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும். அதற்குத்தான் மாத்திரை. படை அடங்கியிருப்பதால் ஊரில் யாருக்கு ஜலதோஷம் வந்தாலும் மறுநாள் எனக்கும் வரும். இதையெல்லாம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நானும் பொறுமையாகத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல சர்வீஸ்.

மலையில் ஒருவரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நாற்றுப் பெட்டியைத் தூக்க விடமாட்டார்கள், ஏணியில் ஏற விடமாட்டார்கள், டீயில்கூடக் கொஞ்சம் பரிதாபத்தைக் கலந்து கொடுப்பார்கள் என்று எனக்கு ஒரு வீறாப்பு. காலையும் மாலையும் போன் அலாரம் அடிக்கும். யாருக்கும் தெரியாமல் மாத்திரையை விழுங்கிவிடுவேன். யாராவது கேட்டால், "பூஜை டைம்" என்பேன். பக்திமான் என்று நல்ல பெயரும் கிடைத்தது.

மலைமேலேயே பைல் நாட்டுப் பக்கம் மிளகும் மரவள்ளியும் பலாவும் வைத்திருந்த ஒரு விவசாயி எனக்கு நெருக்கம். என் வயதுதான் இருக்கும். என்னைக் கிண்டல் செய்வதை ஒரு உபதொழிலாகவே வைத்திருந்தார்.

"ஏனுங்க சார், மழ இன்னும் மேகத்துலயே இருக்குதுங்க. அதுக்குள்ள நீங்க தும்மிப் போட்டீங்களே!"

"முன்னெச்சரிக்கைங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் ஒரு பாட்டிலில் கரும்பச்சையாக எதையோ கொண்டுவந்தார். அவர் வேப்ப மரத்தில் படர்ந்திருந்த சீந்தில் கொடியைத் தட்டி, மிளகு போட்டுக் காய்ச்சிய கசாயம். கொரோனா காலத்தில் அவர் வீட்டில் எல்லோரும் குடித்ததாம்.

"எதிர்ப்பு சக்தி சும்மா திமுதிமுன்னு ஏறுமுங்க" என்றவர், பாட்டிலை நீட்டப் போய்க் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஆமா, மாத்திர கீத்திர எதாச்சும் சாப்புடறீங்களாங்க? அப்பிடீன்னா இது வேண்டாமுங்க."

பாருங்கள், அந்த மனிதர் கேட்டார். சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சத்து மாத்திரைதாங்க."

பாட்டில் என் கைக்கு வந்தது. குடித்தேன். அந்தக் கசப்புக்கு என் நாக்கு வாயை விட்டு இறங்கி, அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விடும் போலிருந்தது. ஆனாலும் குடித்தேன். என் மூளை இருக்கிறதே, அது அதற்குள் ஒரு நியாயத்தையும் தயாரித்துவிட்டது. மாத்திரை சிறுநீரகத்துக்கு, கசாயம் சளிக்கு. அது வேறு துறை, இது வேறு துறை. வருவாய்த் துறை செய்வது தோட்டக்கலைத் துறைக்குத் தெரியுமா? எங்கள் கோப்பு அவர்களுக்குப் போகுமா? அதுபோல உடம்புக்குள்ளும் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன். இத்தனை வருட அரசாங்க உத்தியோகம் எனக்குக் கொடுத்த ஞானம்.

இதில் வேடிக்கை, கசாயம் வேலை செய்வது போலவே இருந்தது! தும்மல் நின்றது. அது தானாக நிற்கிற நேரமா, கசாயம் நிறுத்தியதா, இன்றைக்கும் தெரியாது. எனக்கோ தலைகால் புரியவில்லை. ஆகாய கங்கை அருவிக்குப் படியிறங்கிப் போய்க் குளித்துவிட்டு, வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய காலேஜ் பையன்களைப் பார்த்து, "என்ன தம்பிகளா, இந்த வயசுலயே இப்படியா?" என்று கேட்டுவிட்டு ஏறி வந்தேன். விவசாயியிடம் போய், இனி ஒரு பாட்டில் போதாது, இரண்டாகக் கொடுங்கள் என்று நானே கேட்டு வாங்கினேன். மாதாமாதம் சேலம் போய் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போட்டேன். இவ்வளவு நன்றாக இருக்கிறவனை எதற்கு ஊசியால் குத்துவது?

கொஞ்ச நாளில் செருப்பு இறுக ஆரம்பித்தது. மழையில் நனைந்து சுருங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். ரப்பர் செருப்பு சுருங்குமா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு சைஸ் பெரிதாக வேறு வாங்கினேன். அதுவும் சுருங்கியது! செருப்புக் கம்பெனிக்காரனைத் திட்டினேன். உடம்பு லேசாகக் கணகணவென்றிருந்தது. அடிவயிற்றில் வலது பக்கம், அக்காவின் சிறுநீரகத்தை வைத்துத் தைத்திருந்த இடத்தில், மந்தமாக ஒரு வலி. சின்ன வயதில் வாத்தியார் பார்க்காதபோது அக்கா என்னைக் கிள்ளுவாளே, அது போல.

அப்படியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவே பஸ் ஏறி மலைக்கு வந்துவிட்டாள். தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறானே, ஒருநாள் பார்த்துவிட்டு வருவோம் என்று. வாழ்நாளெல்லாம் அடிவாரத்திலேயே இருந்தும் மலைமேல் இருக்கும் வாசலூர்பட்டி ஏரியில் படகில் போனதில்லையாம். கூட்டிப்போனேன். படகுத்துறை வாசலில் நம் விவசாயி பிக்கப் வண்டியை நிறுத்தி, சுற்றுலா வந்தவர்களுக்கு அன்னாசி விற்றுக்கொண்டிருந்தார். "அக்காங்களா? வாங்கக்கா, வாங்க!" என்று ஒரு பழத்தை வெட்டிக் கையில் கொடுத்து அனுப்பினார்.

மிதிக்கும் படகு. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மிதித்தோம். அக்காவுக்கு ஒரே குஷி. "டேய், இது சைக்கிளாட்டம்தான் இருக்குதுடா! டைனமோ மட்டுந்தான் இல்ல" என்று சிரித்தாள். ஏரியின் நடுவுக்கு வந்ததும் எனக்கு இரைத்தது. நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினேன்.

அக்காவின் சிரிப்பு நின்றது.

"என்னடா இது காலு?"

"செருப்பு சுருங்கிருச்சுக்கா."

அவள் குனிந்து என் கணுக்காலுக்கு மேல் கட்டை விரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் பிசைந்த மாவில் அழுத்தினது போலப் பள்ளம் அப்படியே நின்றது. இரண்டு பேரும் அந்தப் பள்ளத்தையே பார்த்தோம். அது மேலே வருவதாகக் காணோம்.

"செருப்பு சுருங்குனா காலு குழி விழுமாடா? பரிசோதனைக்குப் போனியா?"

"போகணும்..."

"மாத்திர?"

"அதெல்லாம் டாண்ணு போட்டர்றேன்கா. சத்தியமா. அது போக, இதுவும் குடிக்கறேன்" என்று பெருமையாகப் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினேன். "எதிர்ப்பு சக்தி கசாயம்!"

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வெளியே வந்து, என் காதுக்கே திரும்பி வந்து விழுந்தபோதுதான், இத்தனை நாளும் எனக்கு உறைக்காத ஒன்று உறைத்தது. எதிர்ப்பு சக்தி. எதை எதிர்க்கும் சக்தி? என் உடம்பில் இருப்பதிலேயே பெரிய வெளியாள் யார்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் கொடுத்ததுதானே!

அக்காவுக்கும் அதே கணத்தில் புரிந்துவிட்டது. டாக்டர் சொன்னபோது நான் தலையாட்டினேன்; அவள் காதில் வாங்கியிருக்கிறாள்.

"அட பாவி! அடக்கறதுக்கு மாத்திரயும் போட்டு, ஏத்தறதுக்குக் கசாயமும் குடிக்கறயா? என்ற கிட்னிய அடிச்சுத் தொரத்தறதுக்கு நீயே ஆள் சேத்தறயா?"

அவள் போட்ட சத்தத்துக்கு ஏரியில் இருந்த அத்தனை படகும் எங்கள் பக்கம் திரும்பின. நான் பெடலில் கால் வைக்கப் போனேன். "எடுடா காலை! அசையாத!" என்று ஒரு அதட்டல். அப்புறம் தனியாக மிதிக்க ஆரம்பித்தாள். மரவள்ளிக் காட்டில் வேலை செய்த கால் அது. ஒரு பக்கம் மட்டும் மிதித்தால் படகு வட்டமடிக்கும் என்று நான் பயந்தேன். அவள் மிதித்த கோபத்துக்குப் படகு மூச்சுக்காட்டாமல் நேராகக் கரைக்குப் போனது. ஒரு சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு அவள் மிதிக்கிறாள். அவளுடைய இன்னொன்றை வைத்துக்கொண்டு நான் மகாராஜா மாதிரி உட்கார்ந்து வருகிறேன். அந்த நிமிஷம் எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே, ஏரியிலேயே குதித்திருப்பேன். நீச்சல் தெரியாது. அதனால் குதிக்கவில்லை.

கரையில் இறங்கியதும் அக்கா அன்னாசி வண்டியைப் பார்த்துக் கத்தினாள். "ஏனுங்க தம்பி! வண்டி எடுங்க! இவனுக்கு என்ற கிட்னிய வெச்சிருக்குதுங்க, அது போயிட்டிருக்குதுங்க!"

நான் கட்டிக் காத்த ரகசியம் சுற்றுலா வந்த அத்தனை குடும்பங்களுக்கும், ஐஸ்கிரீம்காரருக்கும், டிக்கெட் கொடுப்பவருக்கும் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது. விவசாயி கத்தியைக் கீழே போட்டார். என் முகத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"சத்து மாத்திரன்னு சொன்னீங்களேங்க" என்றார், மெதுவாக.

அன்னாசிகளைத் தெரிந்த கடைக்காரரிடம் அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தார். முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாய, அக்கா என் மேல் சாய, நான் கதவின் மேல் சாய வந்தோம். அக்காவின் வீட்டுத் தெருவைத் தாண்டியபோதுகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை என் அடிவயிற்றின் வலது பக்கத்தில் வைத்துக்கொண்டே இருந்தாள். உள்ளே இருப்பதற்குத் தைரியம் சொல்கிறாளோ என்னவோ.

சேலம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் பார்த்தார்கள். ஊசியால் சிறுநீரகத்திலிருந்தே ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். உடம்பு அக்காவின் சிறுநீரகத்தைத் தாக்க ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நான் பாட்டிலை நீட்டினேன். முகர்ந்து பார்த்தார்.

"இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எதிர்ப்பு சக்தியைத் தூண்டுற எதையும் நீங்க தொடவே கூடாது. மூலிகையோ, டானிக்கோ, பவுடரோ, எதுவா இருந்தாலும் எங்களைக் கேட்காம வாயில வைக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனைக்கு ஒழுங்கா வந்திருந்தா இதை அப்பவே பிடிச்சிருப்போம்."

"போயிருமாங்க?" என்று அக்கா கேட்டாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

"பார்ப்போம்மா. வேகமா அடக்கிப் பார்ப்போம்."

அடக்கும் மருந்தைப் பெரிய அளவில் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினார்கள். அந்த மருந்துக்கு ஒரு குணம். ஆளுக்குத் தூக்கம் போய், பசியும் பேச்சும் பிய்த்துக்கொண்டு வரும். ஏற்கெனவே வாயாடியான எனக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும்? வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் பலா ஒட்டுக் கட்டுவது எப்படி என்று பாடம் நடத்தினேன். நர்சம்மா பல்ஸ் பார்க்க வந்தால் மிளகு வாடல் நோய் பற்றிச் சொன்னேன். எல்லாம் பயம்தான். பேச்சை நிறுத்தினால், தொலைத்துவிட்டேனே, இதையும் தொலைத்துவிட்டேனே என்று உள்ளுக்குள் ஒன்று சொல்ல ஆரம்பித்துவிடும்.

எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருந்த விருந்தாளி யார் தெரியுமா? என் மூத்திரம். அதை ஒரு ஜாடியில் பிடித்து அளப்பார்கள். முதலில் ஜாடியின் அடியை மட்டும் நனைத்தது. அக்கா ஜாடியையும் என்னையும் மாறிமாறிப் பார்ப்பாள். அப்புறம் ஒரு காலை நேரம், ஜாடி ஏற ஆரம்பித்தது. ஏறியது, ஏறியது, நர்சம்மா அடுத்த ஜாடிக்கு ஓடினார். அக்கா இரண்டு கையையும் சேர்த்துப் படபடவென்று தட்டினாள். பத்தாம் வகுப்பில் நான் பாஸானபோதுகூட இவள் கைதட்டவில்லை. மூத்திரம் போனதற்காகக் கைதட்டல் வாங்கியவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்! பக்கத்துக் கட்டில்காரர்களும் சேர்ந்து தட்டினார்கள். நான் ஜாடியைக் கோப்பை மாதிரித் தூக்கிக் காட்டப் போனேன், நர்சம்மா பிடுங்கிக்கொண்டார்.

ரத்தத்தில் தேங்கியிருந்த கிரியாட்டினின் கழிவு இறங்கியது. வீக்கம் வடிந்தது. செருப்பு தானாகப் பெரிதாகிவிட்டது.

அன்று மத்தியானம் விவசாயி வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.

"அந்தக் கொடிய வேரோட வெட்டிப் போடறனுங்க. என்ற கையால உங்களக் கொன்னுருப்பேனேங்க" என்றார்.

"கொடி மேல என்னங்க தப்பு? நீங்க கேட்டீங்க, நான் பொய் சொன்னேன்" என்றேன். அவரை உட்கார வைத்து, அவருக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். "ஒட்டுப் பலா வெச்சீங்களே, ஒட்டுக்குக் கீழ அடிச்செடியிலிருந்து தளிர் வந்தா என்ன செய்யணும்னு சொன்னேன்?"

"கிள்ளிக்கிட்டே இருக்கோணுமுங்க. உட்டா அடிச்செடி மட்டும் கொழுத்துப்போயி, மேல ஒட்டுனது பட்டுப் போயிருமுங்க."

"அடிச்செடி என்ற ஒடம்புங்க. மேல ஒட்டுனது அக்காவுது. தளிரக் கிள்ளறதுதான் மாத்திர. நான் ஒரு கையில கிள்ளிக்கிட்டே, இன்னொரு கையில அதுக்கு ஒரம் போட்டிருக்கறேன்."

சொல்லும்போதே எனக்குத் திக்கென்றது. இதே பாடத்தை எத்தனை தோட்டத்தில் நின்று தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன்! தளிரை மறந்துவிட்ட விவசாயிகளை எப்படியெல்லாம் கிண்டல் செய்திருக்கிறேன்!

அவர் கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்லப் பழைய ஆள் திரும்பி வந்தார்.

"அப்ப இத்தன நாளா எங்களுக்கு ஒட்டுச்செடி குடுத்த நீங்களே ஒரு ஒட்டுச்செடிதானுங்களா?"

வார்டே சிரித்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, அப்படியே அழுதாள். ஆபரேஷன் சமயத்தில்கூட அழாதவள்.

மறுபடி மலைக்கு வந்தேன். அந்தப் பெயர் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. பைல் நாட்டுப் பக்கம் போனால் இப்போதும் "ஒட்டுச்செடி ஆபீசர் வாராருங்க" என்கிறார்கள். நாற்றுப் பெட்டியை யாரும் பிடுங்கவில்லை; டீயில் பரிதாபமும் இல்லை. ஆனால் அலாரம் அடித்தால் நான் போனை எடுப்பதற்குள் விவசாயி தண்ணீர்ச் சொம்போடு நிற்கிறார். தும்மினால், "கசாயம் கெடயாதுங்க, சேலந்தான்" என்கிறார். ஒட்டுக் கட்டும் பாடத்தில் இப்போது முதல் மாதிரிச் செடி நானேதான்.

எதிர்ப்பு சக்தி என்றால் ஏற ஏற நல்லது என்று ஊரே சொன்னபோது நானும் கூடச் சேர்ந்து சொன்னவன். என் உடம்பு கொஞ்சம் பணிந்து கிடப்பதால்தான் அக்காவின் ஒரு பாகம் எனக்குள் குடியிருக்கிறது. என் வாயும் வீறாப்பும் அதே போலக் கொஞ்சம் பணிந்திருந்தால் அந்தப் படகுச் சவாரியை நாங்கள் சிரித்தபடியே முடித்திருப்போம் என்று, வாசலூர்பட்டி ஏரியைத் தாண்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் அப்படித் தாண்டும்போது மனசு என்னவோ போலாகி, வண்டியை ஓரங்கட்டி அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, உன்ற பேனா, கொட எல்லாம் தொலச்சேன். இத மட்டும் உசுரு இருக்கற வரைக்கும் தொலைக்க மாட்டேன்கா. நீ செஞ்சதுக்கு நான் ஏழு ஜென்மத்துக்கும்..." என்று தழுதழுத்துக்கொண்டிருந்தபோது, நடுவில் மாலை அலாரம் அடித்தது. அது அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

"பேசுனது போதும், மாத்திரயப் போடு."